மெட்ராஸ் ரிப்போர்ட்

“எலிப்பொறி வைக்கிறவ கையில என் பிள்ளை ரத்தத்தைக் கொடுக்கவா? என்ன டாக்டரம்மா சொல்லுதிய?”

தாணுமாலயன் போட்ட சத்தத்தில், வார்டில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் முழித்துக்கொண்டன.

டாக்டர் நாச்சியார் அசரவில்லை. “உங்க மகளுக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சு ஆறு நாளாச்சு. டைபாய்டு மருந்துக்கு இறங்கல. உண்ணிக் காய்ச்சலா இருக்குமோன்னு சந்தேகப்படுதேன். உறுதியாத் தெரிஞ்சா மருந்தை மாத்திரலாம். முஹ்ஸினா லேபுல கொடுங்க, சாயங்காலத்துக்குள்ள சொல்லிருவா.”

“முஹ்ஸினா யாருன்னு எனக்குத் தெரியாதா? பத்தாப்பு வரைக்கும் எங்கூடப் படிச்சவ. கணக்குல நான் அவளைவிட நாலு மார்க்கு கூட!”

பத்தாப்பு முடிந்ததும் தாணுமாலயன் குற்றாலத்தில் அப்பாவின் லாட்ஜில் போய் உட்கார்ந்துவிட்டார். தறிக்காரர் மகள் முஹ்ஸினா எங்கெங்கோ போய்ப் படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, தென்காசிக்கே திரும்பி வந்து, பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல்களை ஆராய ஒரு லேப் தொடங்கினாள். இதெல்லாம் அவருடைய மார்க் கணக்கில் சேராது.

வயக்காட்டிலும் புதரிலும் அவள் எலிப்பொறி வைப்பதை ஊரே பார்த்திருக்கிறது. மாட்டிய எலியின் காதைப் புரட்டி, கடுகைவிடப் பொடியான உண்ணிகளைப் பொறுக்கி எடுப்பாள். இவ்வளவு படிச்சது எலி பிடிக்கவா என்று பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

“ஏங்க, இங்கனயே கொடுத்துருவோமே. பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது” என்றாள் அவர் மனைவி வேல்விழி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“நீ சும்மா இரு. நல்ல லேபுன்னா அது எதுக்குத் தென்காசியில இருக்கு?”

 டாக்டர் ரத்தத்தை எடுத்து ஐஸ் டப்பாவில் வைக்கச் சொன்னார்.

மச்சினன் இசக்கிமணி ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அன்று சாயங்காலமே சென்னைக்குப் போகும் பொதிகை ரயிலில் ஏறினான். மறுநாள் காலையில் சென்னையிலிருந்து போன் பண்ணினான். “கொடுத்தாச்சு அத்தான். லேபா இது? ஏசி என்ன, லிஃப்ட் என்ன!”

தாணுமாலயனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் ஏழு வயது ஸ்ரீவித்யா கண்ணைத் திறக்கவில்லை. கஞ்சி கூட இறங்கவில்லை. வேல்விழி பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாளே தவிர, புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீம்பு பிடித்துப் பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டோமோ என்று அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். அதை வெளியே சொல்லிவிட்டால் அவர் தாணுமாலயன் இல்லையே.

மூன்றாம் நாள் மதியம் ரிப்போர்ட் போனில் வந்தது. உண்ணிக் காய்ச்சல்தான்.

நாச்சியார் உடனே மருந்தை மாற்றினார். மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை கண்ணைத் திறந்து, “இட்லி வேணும்” என்றாள். தாணுமாலயன் வராண்டாவில் யாரும் பார்க்காத மூலையாகப் பார்த்து நின்று அழுதார்.

அழுது முடித்ததும் பழைய ஆளாகிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று ரிப்போர்ட்டைக் கலரில் பிரிண்ட் போட்டுக்கொண்டார். போகிற வழியில் காரை முஹ்ஸினாவின் லேப் வாசலில் நிறுத்தினார். அவள் குழாயடியில் எலிப்பொறிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரு முஹ்ஸினா. ரிப்போர்ட்டுன்னா இப்படி இருக்கணும். மெட்ராஸ்காரன் மெட்ராஸ்காரன்தான்!”

முஹ்ஸினா ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

“ஆமா தாணு, நல்ல ரிப்போர்ட்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டுல்லா, அது போதும்” என்றவள், காருக்குள் இருந்த ஸ்ரீவித்யாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “எங்கன விளையாடப் போனா? புதர்ப் பக்கமா?”

“லீவுக்கு அச்சன்புதூர்ல எங்க தோப்புக்குப் போயிருந்தா.”

“அங்கன நாலு பொறி வைக்க விடுதியா? உண்ணி எந்தப் பக்கம் கிடக்குன்னு தெரிஞ்சா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வராமப் பாத்துக்கிடலாம்.”

“என் தோப்புல எலிப்பொறியா? ஊரு சிரிக்கும்!”

அவர் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து காரில் ஏறினார். முஹ்ஸினா அதற்கும் சிரித்துவிட்டு, குழாயைத் திறந்துகொண்டாள்.

கார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. வேல்விழி ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தாள். கடைசித் தாளில் நின்றுவிட்டாள்.

“ஏங்க...”

“என்ன?”

“இங்க பொடி எழுத்துல போட்டிருக்கு. இந்தச் சோதனை மெட்ராஸ் லேபுல கிடையாதாம். ரத்தத்தை அன்னைக்கே தென்காசிக்குத் திருப்பி அனுப்பியிருக்காவ. சோதிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கது நம்ம முஹ்ஸினாதான்.”

தாணுமாலயன் அடுத்த முக்கில் காரைத் திருப்பினார்.

“எங்க போறிய?”

“தோப்புச் சாவியைக் கொடுத்துட்டு வந்துருவோம்.”