ஆளும் வெடிப்பும்

ஷஹீலா மிஸ் படத்தைக் கையில் வாங்கியதும் பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"படம்னா இதுதான் படம்," என்றார் அவர்.

ஜெசிந்தனுக்குக் காது குளிர்ந்துபோனது. பண்டாரவளையில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுத்துப் பிழைப்பவன் அவன். பதுளையில், அதுவும் ஓர் அரசாங்க அலுவலகத்தில், நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது இப்படியொரு பாராட்டு லேசில் கிடைக்குமா?

மிஸ் படத்தைச் சாய்த்துப் பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. வெடிப்பு எங்க?"

ஜெசிந்தனுக்குப் பக்கத்தில் நின்றவள் இருதயம்மா. வெடிப்பு அவளுடையது. அப்புத்தளைக்குக் கீழே, மலைச்சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், அவள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவின் சுவர் போன மழைக்குப் பிளந்துவிட்டது. மண்சரிவு அபாயம் உள்ளவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுக்கிறார்கள். பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் ஆளும் வெடிப்பும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். முன்பு ஒரே வெடிப்பின் படத்தைப் பதினொரு குடும்பங்கள் கொண்டுவந்து நீட்டியதால் வந்த நிபந்தனை அது.

படத்தில் ஆள் இருந்தாள். எப்படி இருந்தாள்! கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். மூக்குத்தி போன துளையில் செருகியிருந்த ஈர்க்குக்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், கலக்கிவிட்ட பெயின்ட் வாளியைப் போலப் பழுப்பும் பச்சையுமாக ஏதோ சுழித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த லென்ஸ் செய்த வேலை. இல்லை, லென்ஸ் என்ன செய்யும், பாவம்.

மூடிப்போன தியேட்டர் ஒன்றின் புரொஜெக்டரில் இருந்த பித்தளை லென்ஸ் அது. புவாத்தின் பழைய சாமான் கடையில் அதைக் கண்ட நாளிலிருந்து ஜெசிந்தனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. தண்ணீர்க் குழாய்த் துண்டை வெட்டி, உள்ளே கறுப்பு அடித்து, தன் புது மிரர்லெஸ் கமெராவில் அதை எப்படியோ மாட்டிவிட்டான். மற்ற லென்ஸ்களில் துவாரத்தைச் சுருக்கினால் பின்னால் இருப்பதும் தெளிந்துவிடும். இதில் சுருக்க வழியே இல்லை. முகம் தெளிந்தால் முதுகுக்குப் பின்னால் உலகமே கரைந்துபோகும். அந்தக் கரைசலுக்காகத்தான் ஊர் உலகத்தில் ஆட்கள் பைத்தியமாக அலைகிறார்கள்.

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு முகம் தேடித்தான் அவன் அந்தத் தோட்டத்துக்குப் போனான். முகம் கிடைத்தது. இருதயம்மா பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டாள்: அலுவலகத்துக்குக் கொடுக்கச் சுவரோடு ஒரு படம். சுவரில் முதுகை ஒட்டி நின்றவளை நாலடி முன்னால் வரச் சொன்னவன் அவன்தான். வெயில் அங்கேதான் பதமாக விழுந்தது.

"சுவரு தெரியுமா தம்பி?"

"எல்லாம் தெரியும்."

கமெராவோடு வந்த சாதாரண லென்ஸ் பைக்குள்ளேயே கிடந்தது. மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. சோம்பல் என்றும் சொல்ல முடியாது, அவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை. திரையைப் பத்து மடங்கு பெருக்கி வைத்துக்கொண்டு, அவள் கண்ணை மட்டும் பார்த்துப் பார்த்து லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தான். இருநூறு படம் எடுத்தான். ஒன்றை இணையத்தில் போட்டதும் ஜெர்மனியிலிருந்து யாரோ என்ன லென்ஸ் என்று விசாரித்து எழுதினான். அந்தப் பூரிப்பில், கொழும்பிலிருந்து நல்ல தாள் வரும்வரை காத்திருந்து, கடைசி நாளான இன்று காலையில்தான் படத்தை அவளிடம் கொடுத்தான்.

பட்டியலை நாலு மணிக்கு மூடுகிறார்கள். இப்போதே மணி இரண்டு. தோட்டத்துக்குப் போக மட்டும் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மழை எப்போது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜெசிந்தனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. தப்பு தன்னுடையது என்றும், அந்த அம்மா சொல்வது உண்மை என்றும் மிஸ்ஸிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

ஷஹீலா மிஸ் கல்நெஞ்சக்காரர் அல்ல. விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வெடிப்பை நேரில் பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் ஏற்கலாம் என்றார். படம் எடுத்தவனை விட நல்ல சாட்சி யார்?

இருதயம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தம்பி பாத்தாருங்க மிஸ். அரை நாளா அங்கதான் நின்னாரு."

"அவரே சொல்லட்டும்." மிஸ் பேனாவைத் திறந்தார். "வெடிப்பு ஜன்னலுக்கு எந்தப் பக்கம்? வலமா, இடமா?"

ஜெசிந்தன் கண்ணை மூடி யோசித்தான். இமை வந்தது, ஈர்க்கு வந்தது, கன்னத்தில் விழுந்த வெயிலும் வந்தது. சுவர் மட்டும் வரவில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டில் ஒன்று சரியாகத்தானே இருக்க வேண்டும்?

"இடப்பக்கம்," என்றான். கூசாமல், உறுதியாகவே சொன்னான்.

மிஸ் எழுதவில்லை. விண்ணப்பத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜெசிந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருதயம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் படத்தைக் கசங்காமல் எடுத்து, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, அவனிடமே நீட்டினாள்.

"எங்க காம்பராவுக்கு ஜன்னலே கெடையாது தம்பி."