பத்தொன்பது 'விருப்பமில்லை'

மலையுச்சிக் கோவிலில் தெல்மிரா மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். இரண்டு கைகளும் மார்போடு சேர்ந்திருந்தன. உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பெருக்க வந்த சத்துர்நினா, இந்தப் பெண்ணுக்கு என்ன துக்கமோ என்று தள்ளியே நின்றாள்.

பிறகுதான் அந்தக் கைகளுக்குள் செல்போன் வெளிச்சம் தெரிந்தது.

"ஆண்டவர் முன்னாடி என்ன தாயி இது?"

"மன்னிச்சிருங்கம்மா. இந்த மலையிலேயே சிக்னல் கிடைக்கிறது இந்த மூலையிலதான். அதுவும் முட்டி போட்டாத்தான்."

தெல்மிரா அறிவியல் ஆசிரியர் பயிற்சி மாணவி. கீழே ஊரில் அவளோடு படிப்பவர்கள் பதினெட்டுப் பேர். அவர்களுடைய ஒரே ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டு, சோதனைகளையெல்லாம் இணையத்திலேயே கற்பிக்கலாமா என்று நகரத்துத் தலைமைக் கல்லூரி கருத்துக் கேட்டிருந்தது. படிவம் இணையத்தில் மட்டுமே. இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

எல்லாரும் பதிலைத் தாளில் எழுதி, அடையாள எண்ணோடு அவளிடம் கொடுத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் ஏறி வந்தவள், காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தாள். பத்தொன்பதிலும் ஒரே பதில்: விருப்பமில்லை, எங்கள் ஊரில் இணையம் இல்லை.

"மைக்ராஸ்கோப்பைத் தொட்டே பாக்காத டீச்சர், பிள்ளைங்களுக்கு என்னத்தம்மா காட்டுவா?" என்றாள் தெல்மிரா.

"எனக்கு எழுத்து தெரியாது தாயி. காத்தை மறைக்கத் தெரியும்."

சத்துர்நினா தன் போர்வையை விரித்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பொத்தோசி மலைக் குளிர்காற்று அவள் முதுகில் அறைந்தது. தெல்மிராவின் விரல்கள் மரத்துப்போனபோது, பிளாஸ்கிலிருந்த சூடான சோளக் கஞ்சியை அவளே வாயில் புகட்டினாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் படிவமும் போய்ச் சேர்ந்தது. இருவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லித்தான் சத்துர்நினா அவளைக் கீழே அனுப்பினாள்.

அடுத்த வாரம் பயிற்சி நிலைய இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். உட்காரவைத்து, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடிதத்தை நகர்த்தினார். ஆய்வுக்கூடம் மூடப்படுகிறது, மைக்ராஸ்கோப்புகளை ஏற்றிப்போக வெள்ளிக்கிழமை லாரி வருகிறது.

"எல்லாருமே வேண்டாம்னுதானே சார் எழுதினோம். அவங்க படிக்கலையா?"

"படிக்கலம்மா. எந்த ஊர்லேர்ந்து எத்தனை வந்திருக்குன்னு மட்டும் பாத்திருக்காங்க. இங்கேர்ந்து பத்தொன்பது பேருக்குப் பத்தொன்பதும் போயிருக்கு. இணையம் நல்லா கிடைக்கிற ஊர்னு எழுதிட்டாங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பயிற்சி மாணவர்கள், யார் மலையேறுவது என்று படிவத்தைத் தொடவே இல்லை. அவர்கள் ஆய்வுக்கூடம் என்னவாயிற்று என்று தெல்மிரா மெல்லக் கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கேர்ந்து ஒண்ணுமே வரல. அதனால அதை விட்டு வச்சிருக்காங்கம்மா."