நிரந்தர டிரம்மர்

ராக் குழுவின் பாடகரான தவளையை மரங்கொத்தி கடைசியாக உயிரோடு பார்த்தது குளக்கரையில்தான். காக்கைக் குழு, வௌவால் குழு என்று எங்கே டிரம்மர் வரவில்லையோ அங்கெல்லாம் போய் மரத்தில் தாளம் தட்டியே மரங்கொத்திக்கு வயதாகிவிட்டது. இந்தக் குழுவிலாவது நிலைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டது.

"அடுத்த கச்சேரியிலருந்து நீ நிரந்தரம், தம்பி," என்று சொல்லிவிட்டுத் தவளை நாணலுக்குள் தாவியது. உள்ளே பாம்பு படுத்திருந்தது.

அஞ்சலிக் கச்சேரிக்கு, குழுவில் கிடார் வாசிக்கும் சில்வண்டு மரங்கொத்தியைக் கூப்பிட்டு அனுப்பியது.

"அண்ணன் என்னை நிரந்தரம்னு சொன்னாரு," என்றது மரங்கொத்தி.

"அதுக்கு யாரு சாட்சி?"

"நாணல்ல இருந்த பாம்பு கேட்டிருக்கும்."

"நல்லதாப் போச்சு. அவர்தான் இப்ப நம்ம பாடகர். அண்ணன் குரல் அவருக்குள்ளதானே இருக்கு."

மேடையில் சுருண்டிருந்த பாம்பு சற்று யோசித்தது. "கரையில அப்படித்தான் சொன்னாரு. உள்ளே வந்ததும் மனசு மாறிட்டாரு. அடுத்த கச்சேரியில பார்க்கலாம், தம்பி."

மரங்கொத்தி வழக்கம்போல் எல்லோருக்கும் பின்னால் போய்த் தாளத்தைத் தொடங்கியது. அது ஆரம்பித்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குப் பாட்டு வரும்.

அந்தக் குழு கலைந்து வெகுகாலமாகிறது. மரங்கொத்தி தட்டிய இடத்தில் ஒரு பொந்து இருக்கிறது. அதில் மைனா குடியிருக்கிறது.