தீர்சாவின் பிழைகள்

அந்த யூதத் தொழுகைக்கூடத்தில் எல்லோர் காதிலும் வேத வாசகத்தை ஓதிக்கொடுக்கும் மணி போன்ற ஒரு கருவி உண்டு. அதைப் பற்றி வாய் திறப்பவர் எவருமில்லை. எபிரேய வேதச் சுருளில் உயிரொலிக் குறிகள் இருக்காது. வாசிப்பவர் தடுமாறினால் சபையே உரக்கத் திருத்த வேண்டும் என்பது மரபு. இப்போதோ பட்டாணியளவு மணி காதுக்குள் முணுமுணுப்பதைப் பிள்ளைகள் அப்படியே ஒப்பித்துவிடுகிறார்கள். திருத்தும் வேலை சபைக்கு இல்லாமலே போயிற்று.

வியாழக்கிழமை காலை எப்ராயிமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொழுகைச் சால்வையின் குஞ்சத்தை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். பன்னிரண்டு வயது மகள் தீர்சா தன் செயல்களுக்குத் தானே பொறுப்பேற்கும் நாள் அது. அவள் வாசித்து முடித்ததும், "இவள் பிழைகளின் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்த இறைவன் வாழ்க" என்று தந்தை சொல்ல வேண்டும். நேற்று ஒத்திகையில் அதைக் கேட்டவள், "நான் எங்கப்பா பிழை பண்ணப் போறேன்? மணிதானே படிக்குது?" என்றாள். அவர் பதறி, "மெல்லப் பேசு" என்று அதட்டினார். அந்தக் கேள்வி இரவெல்லாம் அவரை உறுத்தியது.

"சீக்கிரம் ஆரம்பிம்மா, மிட்டாய் கையிலேயே உருகுது!" என்றார் சித்தப்பா அஸ்ரியேல். வாசிப்பு முடிந்ததும் வாழ்த்தாக அவள்மேல் எறிவதற்கான மிட்டாய் அது. சபை சிரித்தது.

தீர்சா வெள்ளிச் சுட்டுகோலைச் சுருளின் முதல் வரியில் வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்து, காதிலிருந்த மணியைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். அது உருண்டோடும் ஓசை கடைசி வரிசைவரை கேட்டது.

"அப்பா, மணியைக் கழட்டிட்டேன். இனிமே வர்ற தப்பெல்லாம் என்னோடது. காதுல விழுந்தா சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும்."