ஒருவழிக் காற்று

ஒரு உயிரின் விலை, ஜிஎஸ்டி உட்பட, நூற்றி எண்பது ரூபாய். மில்லர்புரம் ஒர்க்‌ஷாப்பில், நட்டும் போல்ட்டும் கிடக்கும் தட்டிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான் மெக்கானிக் வேல்ராஜ். கட்டைவிரல் அளவில், காற்றை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஒரு கறுப்பு வால்வு. காலையிலிருந்து செல்வினின் டர்போ காரில் காற்று ட்யூப்களை எல்லாம் கழற்றி, சூடு படாத பக்கமாகச் சுற்றி மாட்டியவன் அவன்தான். பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கும் செல்வினின் மனைவி எமில்டா சிரிக்கிறாள்.

“என்னண்ணே, சாமான் மிச்சமா? பில்லுல கழிச்சிருங்க.”

“மிச்சமில்லம்மா. பிரேக்கு ட்யூப்புக்குள்ள இருக்க வேண்டியது. மாட்டாம விட்டுட்டேன்.”

“இல்லாட்டி என்ன?”

“மெதுவாப் போனா ஒண்ணுமில்ல. டர்போ ஏறுச்சுன்னா காத்து பிரேக்குக்குள்ள திரும்பிரும். மிதி கல்லாயிரும், பிரேக் பிடிக்காது.”

அவள் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க மறந்துவிடுகிறாள். காரை ஓட்டிப் பார்க்கப் போன செல்வின், அவள் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. அந்த சைலன்சர் சத்தத்தில் கோயில் மணியே காதில் விழாது. உப்பளத்துக் காற்று தகரக் கூரையைத் தட்டுகிறது. கண்டெய்னர் லாரிகள் போகும் பைபாஸ் பக்கமிருந்து டர்போவின் விசில் மெலிதாகக் கிளம்பி, கூர்மையாகி, ஏறிக்கொண்டே போகிறது.

“மாதாவே, அவியள மெதுவாப் போவச் சொல்லு.”

லாரி ஹாரன் ஒன்று நீளமாக அலறுகிறது. விசில் நின்றுவிடுகிறது. இருவரும் வாசலுக்கு வருகிறார்கள். வெள்ளை வெயிலில் சாலை வெறுமனே கிடக்கிறது. வெளியே போனது ஒரு கார், ஒரு ஆள். உள்ளே வந்தது, இதுவரை, ஒன்றுமில்லை.