தூபாவின் வாசகம்

மேடையின் பின்னால் கட்டியிருந்த பதாகையில் தூபாவின் வாசகம் ஆளுயர எழுத்தில் தொங்கியது. "உங்களுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பொருட்டா? எடுத்துக்கோங்க!"

ஒரு வருடமாக ஷிராஸ் நகரம் முழுக்க அதே பேச்சுதான். மகனுக்கு மூளை செத்துவிட்டது, ஈரலைத் தர முடியுமா என்று டாக்டர் கேட்டபோது, கண்ணைக்கூட இமைக்காமல் அந்தத் தாய் சொன்ன வார்த்தையாம். பேருந்து முதுகிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதிப்போட்டுவிட்டார்கள்.

இன்று இந்தப் பாராட்டு விழாவில் அதையே அவள் வாயால், ஒலிபெருக்கியில், இன்னொரு முறை சொல்ல வேண்டுமாம். ஈரலை வாங்கிய பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு.

 சொல்ல வேண்டுமே என்ற நினைப்பில் தூபாவுக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

அறிவிப்பாளன் வேறு குதியாட்டம் போட்டான். "நம்ம ஊர்ல ஆசைப் பிள்ளைய எப்பிடிக் கொஞ்சுவோம்? என் ஈரலேன்னு கொஞ்சுவோம்! இந்தம்மா நெசமாவே ஈரலைத் தூக்கிக் குடுத்துட்டாங்களே!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதிரே நின்று சிலேடை பேச இவனுக்குச் சம்பளம் ஒரு கேடு. மகன் ஹூமனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மீசை முளைத்த பிறகும், வாடா என் ஈரலே, சோறு ஆறுது என்றுதான் கூப்பிடுவாள்.

முதல் வரிசையில் கொழுந்தன் நுஸ்ரத் புதுக் கோட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் வர மனசு தாங்கவில்லை என்று காரிலேயே பதுங்கிக் கிடந்த மகராசன். இன்று பக்கத்து நாற்காலிக்காரரிடம், "நானும் அண்ணியும் கலந்து பேசி எடுத்த முடிவுங்க" என்று அளந்துகொண்டிருந்தான்.

அவள் எழுந்தபோது, முந்தானை போலத் தொங்கிய அவளது கறுப்புப் போர்வையின் ஓரத்தை அவன் பிடித்து இழுத்தான். "அண்ணி, அழுகை வந்தா தொடச்சுராதீங்க. படத்துல நல்லா விழும்."

போடா போக்கத்தவனே என்று மனசுக்குள் வைதுகொண்டே மேடை ஏறினாள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஐனாஸ். ஆடு மேய்க்கும் மலைக்கூட்டத்துக்காரி. அடுக்கடுக்கான பாவாடையும் வெயில் தின்ற முகமுமாக நின்றாள். அவள் பேச வேண்டியதை அறிவிப்பாளன் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தான். அதில் ஒரு வார்த்தையையும் அவள் பேசவில்லை. தூபாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு நேரே கேட்டாள்.

"அம்மா, இந்த ஈரல் எனக்கு ஹலாலா? நான் வச்சுக்கலாமா?"

தூபாவின் வாய் தானாகத் திறந்தது. "உங்களுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பொருட்டா? எடுத்துக்கோங்க."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நுஸ்ரத் நாலு பக்கமும் திரும்பித் தலையாட்டி, தனக்கே கிடைத்தது போல வாழ்த்து வாங்கிக்கொண்டான்.

ஐனாஸ் கையை விடவில்லை.

"ரொட்டிக் கடைக்காரன்கூடக் காச நீட்டினா இதத்தாம்மா சொல்றான். வாங்காம விடுறானா? ஒரு வருசமா ஒவ்வொரு சுவத்துலயும் இதப் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கம் போச்சு. ஒப்புக்குச் சொன்னீங்களா, மனசாரக் குடுத்தீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அறிவிப்பாளன் ஓடிவந்தான். "மலையிலேருந்து வந்த பொண்ணு, வெள்ளந்தி! அதான் அம்மா சொல்லிட்டாங்களேம்மா..."

"நீ வாய மூடு" என்றாள் தூபா. அது ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது.

ஒப்புக்குத்தான் சொல்லியிருந்தாள்.

அந்த ஊர் உபசாரம் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் எடுத்துக்கோங்க என்பார், மற்றவர் ஐயோ வேண்டாம் என்பார், இவர் மறுபடி வற்புறுத்துவார், அவர் மறுபடி மறுப்பார். மூன்று சுற்று போன பிறகுதான் நிஜப் பேச்சே தொடங்கும். அன்றைக்கு டாக்டர் கேட்டபோது அவளுக்கு மூளையா வேலை செய்தது? ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய நாக்கு சொல்லிவிட்டது. அவர் மறுப்பார், மறுபடி கேட்பார், அதற்குள் யோசித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

அந்தப் பெரிய படிப்புக்காரர் ஒரே தரம்தான் கேட்டார். அவருக்கு என்ன அவசரமோ, அவள் கையை முத்தமிட்டுவிட்டு ஓடினார். எடுத்துக்கோங்க என்று சொன்ன பொருளை ஷிராஸில் எந்தப் பெண்பிள்ளை திருப்பிக் கேட்டிருக்கிறாள்? மானம் போய்விடாதா? நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நிதானமாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா, மாட்டாளா? அது அவளுக்கே தெரியாது. ஊர் கூடிக் கொண்டாடியதே தவிர, ஒரு நாதியும் அதைக் கேட்கவில்லை.

இந்த மலைக்காரி கேட்கிறாள்.

தூபா அவளை முதல் முறையாக ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கைகள் சூடாக இருந்தன. மேல் உதட்டில் பயத்தின் வியர்வை. பதிலுக்காக இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹூமனைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாகத்தான் இருப்பாள்.

தூபாவுக்கு அழுகை வந்தது. கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தரம் கேட்டுட்டே" என்றாள். "இன்னும் ஒரு தரம் கேளு தாயீ."