இடது கால்

"இன்னும் கொஞ்சம் கீழ... கெண்டைக்கால்ல," என்றார் பரமசிவம்.

அவர் மனைவி பவுன் கட்டிலோரம் உட்கார்ந்து, எண்ணெய் தடவிய கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கைக்கு அடியில் கால் இல்லை. வெறும் போர்வைதான்.

வாசலுக்கு வந்த நஸ்ரின் பயந்துபோய் அங்கேயே நின்றுவிட்டாள்.

சர்க்கரை வியாதியால் பரமசிவத்தின் இடது காலைத் தொடையோடு எடுத்து ஒரு வருஷமாகிறது. இல்லாத முழங்கால் வலிக்கிறது என்று அவர் துடித்ததால், பிசியோதெரபிஸ்ட் நஸ்ரின் மாதம் ஒருமுறை விஷ்ராந்த்வாடியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கிறாள்.

பவுனின் கைகள் ஒரு காலின் பருமனுக்குக் காற்றில் வளைந்து, மெல்லக் கீழே இறங்கின. கடைசியில் ஒவ்வொரு விரலாகப் பிடித்து இழுத்தாள். சொடக்கு விழும் சத்தம் நஸ்ரினுக்குக் கேட்டது போலவே இருந்தது.

"சாய் கொண்டாறேம்மா," என்று பவுன் எழுந்து உள்ளே போனாள்.

நஸ்ரின் கட்டிலில் உட்கார்ந்தாள். பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"அங்கிள், போன தடவை இந்த வலி பத்தின ஒரு ஆராய்ச்சியைத் தமிழ்ல எழுதிட்டு வந்து படிச்சுக் காட்டினேனே. கால் போனாலும் மூளைக்கு அது இருக்கிற மாதிரியே தோணும், அந்த வலி நிஜம்தான்னு. கண்ணாடியில நல்ல காலைப் பார்த்து அசைச்சா சில பேருக்குக் குறையுதுன்னும் சொன்னேன்ல?"

"நல்லாப் புரிஞ்சுதும்மா. தினம் ரெண்டு வேளை செஞ்சேன்."

"அப்புறம் எதுக்கு இது? இந்த வயசுல ஆன்ட்டியை உக்கார வெச்சு இல்லாத காலைப் பிடிக்கச் சொல்றீங்க. பாவமா இல்லையா?"

பரமசிவம் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு வலி விட்டு இருபது நாளாச்சு."

நஸ்ரின் புரியாமல் பார்த்தாள்.

"அவளுக்கு இப்பல்லாம் ஞாபகம் நிக்கிறதில்லம்மா. திடீர்னு, 'உங்க கால் எங்க'ன்னு கேப்பா. எடுத்தாச்சுன்னு சொன்னா, அப்பத்தான் முதல் தடவையாக் கேக்கிற மாதிரி தலையில அடிச்சுக்கிட்டு அழுவா. ஒரே நாள்ல மூணு தடவை, நாலு தடவை. போன வாரம் சொல்ல மனசு வரல. 'இங்கதான் இருக்கு, வலிக்குது, பிடிச்சு விடு'ன்னேன். உடனே கண்ணைத் துடைச்சுக்கிட்டு உக்காந்துட்டா."

பவுன் டீ டம்ளரோடு வந்தாள். நஸ்ரினைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்னம்மா இது, அவர் கால் மேல உக்காந்திருக்கியே."

நஸ்ரின் சட்டென்று எழுந்தாள். குனிந்து, போர்வையை மெல்லச் சரிசெய்தாள்.

"ஸாரி அங்கிள்," என்றாள். "ரொம்ப வலிச்சுதா?"